யாருடைய விருப்பம்?

உமக்கென்றே ஒரு வானொலி என்னும் புதிய முழக்கம் இன்று கைப்பேசிகளில் ஒலிக்கிறது. நேற்று எந்தப் பாடலைக் கேட்டீர், எதனைப் பாதியில் தள்ளினீர் என்று கணக்கெடுத்து, அடுத்த பாடலை இணையவழியே அது தேர்ந்தளிக்கிறது. அமெரிக்காவின் பண்டோரா 2005இல் இம்முறையைப் பரப்பியது. ஸ்பாட்டிபை 2021இல் இலங்கைக்கு வந்தது. கேட்போர் சுதந்திரத்தின் உச்சம் இதுவென்று போற்றுவோர் உளர். அந்தச் சுதந்திரம் யாருக்கு என்பதே நம் கேள்வி.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் உட்புறத்தே உள்ளது உன்னிச்சை. அதன் குளத்து நீரே சுற்றுப்புற வேளாண்மைக்கு உயிர். மட்டக்களப்பு நகருக்குக் குடிநீர் தருவதும் அதுவே. மாரியில் குளம் நிரம்பினால் வான்கதவுகள் திறக்கப்படும். தாழ்நிலங்களில் வெள்ளம் ஏறும். வான்கதவு திறக்கும் செய்தி எவருடைய விருப்பப் பட்டியலில் இருக்கும்? விரும்பாதவனும் கேட்டாக வேண்டிய செய்தி அது. குறுஞ்செய்தி வருமே என்பர். 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைச் சூறையாடியது போன்றதொரு சூறாவளியில் மின்சாரமும் தொலைபேசிக் கோபுரமும் வீழ்ந்தால், எஞ்சுவது மின்கலத்தில் இயங்கும் வானொலிப் பெட்டியன்றோ!

விருப்பத்தை அறிகிறோம் என்பதும் அரை உண்மையே. ஒலிப்பதிவாகிச் சந்தைக்கு வந்த பாடல்களுள்தான் அக்கணக்கு தேடும். களரியில் விடியவிடிய ஆடப்படும் வடமோடியும் தென்மோடியும், வசந்தன் ஆட்டத்தின் பாடல்களும் சந்தைக்கு வராதவரை அதற்கு இல்லாதவையே. தன் ஊரின் குரலையே கேட்க இயலாதவனிடம் "உன் விருப்பம்" என்பது எள்ளலன்றி வேறென்ன? அந்த எள்ளலையும் கூலியாள் தன் நாட்கூலியில் டேட்டா வாங்கியே கேட்கிறான். அவன் கேட்பதைக் கணக்கெடுத்து விளம்பரதாரனுக்கு விற்பவன் மற்றொருவன்.

பழைய வானொலி பொற்காலம் என்று நாம் புலம்பவில்லை. அது அரசின் வாயாகவே பெரிதும் இருந்தது. நம் மக்களின் துயரை மறைத்ததும் உண்டு. எனினும் நேயர் விருப்பத்தில் ஒருவர் கேட்ட பாடலை நாடே கேட்டது. தேநீர்க் கடையிலும் வாடியிலும் அது பொதுப்பேச்சாயிற்று. இன்றோ ஒரே வீட்டில் நால்வர் காதிலும் நான்கு உலகங்கள்.

குற்றம் இணையத்தினதன்று, உடைமையினது. வானொலி பேசுவதோடு நில்லாது, கேட்போரையும் பேசவைக்க வேண்டும் என்று பிரெக்ட் 1932லேயே வாதிட்டார். நம் மலையகத்துக் கொத்மலை வானொலி, யுனெஸ்கோ துணையுடன் 1999 அளவில் அதற்கு ஒரு வழி காட்டிற்று. கிராமத்தவர் கேட்ட வினாக்களுக்கு நிலையத்தார் இணையத்தில் விடை தேடி, எல்லோரும் கேட்க ஒலிபரப்பினர். ஒருவன் ஐயம் ஊருக்கே அறிவாயிற்று. இங்கே இணையம் மக்களுக்குப் பணி செய்தது. அங்கே மக்கள் இணைய முதலாளிக்குப் பண்டமாகின்றனர்.

ஆசிரியர்களே, மாணவர்களே! பாட்டுக் கேட்காதீர் என்று நாம் சொல்லவில்லை. கைப்பேசிகளில் டேட்டா வேண்டாத எஃப்.எம். வானொலியை முடக்கலாகாதென இந்திய அரசு 2023இல் உற்பத்தியாளர்களை அறிவுறுத்தியது. அதனை இங்கே சட்டமாக்கக் கோருவோம். உழவர் தாமே நடத்தும் சமூக வானொலிக்கு உரிமம் கேட்போம். களரிப் பாடல்களை அண்ணாவிமாரின் இசைவோடு பதிவுசெய்து பொதுவுடைமையாகக் காப்போம். உன்னிச்சையின் காதுகள் மட்டுமல்ல, உன்னிச்சையின் குரலும் அலைவரிசையில் ஏற வேண்டும்.