இரவு இரண்டு மணிக்கு யார் பணியில்?

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்
நகல்: மாவட்ட சமூக நல அலுவலர்
பொருள்: முதியோர் இல்லங்களில் பணியாளர் எண்ணிக்கை, பயிற்சி, அன்றாடப் பராமரிப்பு – நடவடிக்கை கோருதல்

முதியோர் இல்லங்களில் தங்கியிருப்போரின் குடும்பத்தினர் சேர்ந்து அமைத்துள்ள சங்கம் பணிவுடன் சமர்ப்பிக்கும் மனு இது.

ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் கட்டில்களை எண்ணுகிறார்கள், கழிப்பறைகளை எண்ணுகிறார்கள், தீயணைப்புக் கருவி காலாவதியாகிவிட்டதா என்றும் பார்க்கிறார்கள். அவர்கள் வருவது பகலில். அப்போது மேலாளர், செவிலியர், சமையல்காரர் எல்லோரும் இருப்பார்கள். இரவு இரண்டு மணிக்கு யார் இருக்கிறார்கள் என்பதே சங்கத்தின் கேள்வி.

சங்க உறுப்பினர்கள் கண்டவரை, பல இல்லங்களில் ஒரே ஒரு ஆயா.

படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் புண் வராமலிருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தோல் உரியாமல் புரட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒரு தளத்தில் அப்படிப் பத்துப் பேர் இருந்தால், ஆளுக்கு ஐந்து நிமிடம் வைத்தாலும் ஒரு சுற்றுக்கே ஐம்பது நிமிடம் ஆகும். அதற்குள் ஒருவர் கழிப்பறைக்கு அழைப்பார். மறதிநோய் உள்ள இன்னொருவர் வீட்டுக்குப் போகிறேன் என்று வாசற்கதவைத் தட்டிக்கொண்டிருப்பார். தனியாள் என்னதான் செய்வார்? எல்லோருக்கும் டயப்பர் மாட்டிவிடுகிறார், நடக்கக்கூடியவருக்கும் சேர்த்து. நாளாக நாளாக அவரும் நடையை இழக்கிறார். ஆயாக்கள்மீது இச்சங்கத்துக்குக் குறையில்லை. பன்னிரண்டு மணி நேரப் பணி, பயிற்சி கிடையாது, சம்பளமும் சொற்பம். பழகிய கை அடுத்த மாதம் இருப்பதில்லை.

இரவுச் சாப்பாடு மாலை ஆறு மணிக்கே முடிந்துவிடுகிறது, சமையல்காரர் பேருந்தைப் பிடிக்க வேண்டுமாம். காலைச் சிற்றுண்டி எட்டு மணிக்கு. இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு இந்தப் பதினான்கு மணி நேர இடைவெளி ஆபத்தானது.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-இன் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கும் இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. இல்லங்களின் தரம், மருத்துவ வசதி, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு மாநில அரசு திட்டம் வகுக்கவும் வழிசெய்கிறது. பொழுதுபோக்கு என்றால் கூடத்தில் ஓயாமல் ஓடும் தொலைக்காட்சி என்று பல நிர்வாகங்கள் முடிவுகட்டிவிட்டன!

எனவே, ஒவ்வொரு ஷிப்டுக்கும் குறைந்தபட்சப் பணியாளர் எண்ணிக்கையை எழுத்தில் நிர்ணயிக்க வேண்டும். படுக்கையில் இருப்போர் உள்ள தளத்தில் இரவில் இருவருக்குக் குறையக் கூடாது. பணியிலிருப்போரின் பெயர்ப் பட்டியலும், முதியோர் உதவி எண் 14567-உம் வாசலில் ஒட்டப்பட வேண்டும். முதியோர் மருத்துவத்துக்கென்று 1978-லேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தனிப் பிரிவு கண்ட மாநிலம் இது. ஆயாக்களுக்கு அரசு மருத்துவமனைகளில் பயிற்சி அளிப்பது இயலாத காரியமல்ல. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ குழுவினர் மாதந்தோறும் இல்லங்களுக்கும் வர வேண்டும்.

முன்னறிவிப்பில்லாத முதல் இரவு ஆய்வை இந்த மாதமே நடத்தி, அறிக்கையின் நகலைச் சங்கத்துக்கு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.