இரக்கமன்று, கடன்

கோலியனூரிலிருந்து விழுப்புரம், திண்டிவனம் வழியாகச் சென்னைக்குச் செல்லும் பள்ளிச் சுற்றுலாக்களில் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குத் தனியிடம் உண்டு. அங்கே சிம்பன்சியின் சேட்டைகளைக் கண்டு கைகொட்டிச் சிரிக்கும் நாம், அதன் நெஞ்சுக்குள்ளும் நம்முடையதைப் போன்றே நான்கு அறைகள் கொண்ட இதயம் துடிப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்தியாவில் முதன்முதலாக இதய மாற்று அறுவை வெற்றிபெற்ற அதே 1994ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சான் டியாகோ விலங்குக் காட்சியகத்தைச் சேர்ந்த காரன் என்னும் ஒராங்குட்டான் குட்டியின் இதயத்திலிருந்த துளையை, மனிதர்க்கு மருத்துவம் செய்யும் வல்லுநர்களே அறுவை செய்து அடைத்தனர். குட்டி பிழைத்தது, 2021இல் கொரோனாத் தடுப்பூசியும் பெற்றது. 2004இல் பர்மிங்காம் நகரில் பாபெக் என்னும் கொரில்லாவின் தளர்ந்த இதயத்திற்கு இதயமுடுக்கி பொருத்தப்பட்டது. அது 2008 வரை வாழ்ந்தது.

"ஏழைக்கே மருத்துவம் எட்டாதபோது குரங்குக்கு இதய அறுவையா?" எனப் பெரியோர் வினவக்கூடும். மருத்துவமனை வாயில்களில் நாள்கணக்கில் காத்திருந்த நம் ஊரார் இவ்வாறு கேட்பதில் தவறில்லை. ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். 1964இல் ஜேம்ஸ் ஹார்டி என்னும் அமெரிக்க மருத்துவர் மனித நெஞ்சில் முதன்முதலாகப் பொருத்திய மாற்றிதயம் ஒரு சிம்பன்சியினுடையது. 1977இல் கேப்டவுனில் பர்னார்டும் சிம்பன்சியின் இதயத்தையே நாடினார். நம் உயிர் காக்க அவற்றின் இதயத்தை எடுத்தவர்கள் நாம்.

இன்று காட்சியகங்களில் வாழும் வளர்ந்த வாலில்லாக் குரங்குகளின் சாவுக்கு இதயநோயே முதன்மைக் காரணம். அது பெரும்பாலும் நம்மிடையே காணப்படும் குருதிக்குழாய் அடைப்பன்று. இதயத்தசை நார்த்தன்மையுற்று இறுகும் நோய். அதனை அறுவைக் கத்தியால் நீக்க இயலாது. ஆதலின் அட்லாண்டாவில் 2010இல் தொடங்கிய இதயநலத் திட்டம் வேறு வழி கண்டது. மயக்கமருந்தின்றி, கம்பிவலையருகே தாமே வந்து நெஞ்சைக் காட்டி மீயொலி ஆய்வுக்கு உடன்படக் குரங்குகள் பழக்கப்படுகின்றன. நோயை முன்னரே கண்டு மருந்தளிக்க இது உதவுகிறது.

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் மயிலுக்குப் போர்வை அளித்த பேகனையும் நாம் போற்றுகிறோம், அது கொடை. கன்றை இழந்த பசுவுக்கு மனுநீதிச் சோழன் வழங்கியதோ நீதி. நாமே அடைத்து வைத்த உயிரின் நோய்க்கு மருந்திடுதல் இரண்டாம் வகையைச் சார்ந்தது. நம் உயிரியல் பூங்காக்களும் கால்நடை மருத்துவர்களும் மனித இதயநோய் வல்லுநர்களும் இதன்பொருட்டுக் கைகோத்தல் வேண்டும். காக்க இயலாதவர் கூண்டு கட்டுதல் கூடாது என்பதே எம் கருத்து.