கொடைக்கானலில் 'போர்டோ' ஒயின் சாத்தியமா? பதில் மலையடிவாரத்தில் இருக்கு!

பழநி மலையில் காபி, மிளகு போடும் விவசாயியிடம் 'போர்டோ கலவை' என்று சொன்னால், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீல நிற மருந்துதான் அவருக்கு ஞாபகம் வரும். அதையே ஒரு பிரெஞ்சுக்காரரிடம் சொன்னால் அவர் ரெட் ஒயின் பாட்டிலைத் தேடுவார். இரண்டும் ஒரே ஊர் சரக்குதான்.

போர்டோ பகுதி தோட்டக்காரர்கள், ரோட்டோரம் போகிறவர்கள் திராட்சையைப் பறிக்காமல் இருக்க நீலக் கரைசலை அடித்து வைப்பார்களாம். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லையே என்று 1882-ல் கவனித்தவர் பேராசிரியர் மில்லார்டே. அப்படித்தான் அந்த மருந்து பிறந்தது.

ஒயின் கலவைக்குப் பின்னால் இருப்பதும் ஒருவகை பயம்தான். கேபர்னே சோவின்யான் தாமதமாகப் பழுக்கும், மெர்லோ சீக்கிரம் பழுக்கும். மழை முந்தினாலும் பிந்தினாலும் ஏதாவது ஒன்று கைகொடுக்கும். கூடவே கேபர்னே ஃப்ராங்க், பெட்டி வெர்டோ, மால்பெக். சுருக்கமாகச் சொன்னால், ருசியோடு சேர்த்து ஒரு பயிர்க் காப்பீடு.

சரி, இதைக் கொடைக்கானலில் செய்ய முடியுமா? 'குளிரா இருக்கே, ஐரோப்பா மாதிரிதானே' என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கல். போர்டோவில் குளிர்காலத்தில் கொடி இலை உதிர்த்துத் தூங்கும், கோடையில் நீண்ட பகல் வெயிலில் பழுக்கும். சுமார் 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானலில் இரண்டுமே அரைகுறை. கொடி முழுசாகத் தூங்கும் அளவுக்குக் குளிர் இல்லை, கேபர்னே பழுக்கும் அளவுக்கு வெயிலும் இல்லை. பனிமூட்டமும் இரண்டு பருவமழையும் வேறு. நோய்க்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அந்த நீல மருந்தை அடித்தே ஓய்ந்துவிட வேண்டியதுதான்.

பெங்களூரு பக்கம் நந்தி மலை அடிவாரத்தில் குரோவர் நிறுவனம் செய்ததைப் பாருங்கள். போர்டோ நிபுணர் மிஷெல் ரோலாண்டின் ஆலோசனையோடு உருவான அவர்களின் 'லா ரிசர்வ்' ஒயினில் கேபர்னேயோடு சேர்வது ஷிராஸ். அது போர்டோ ரகமே கிடையாது. ஃபார்முலாவை அப்படியே எடுக்காமல், மண்ணுக்கு ஒத்துவருவதைக் கலந்தார்கள்.

அப்படிப் பார்த்தால் இங்கே ஒத்துவரும் திராட்சை மலை மேல் இல்லை. கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டு வழியாக இறங்கி, தேனி தாண்டினால் வரும் கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. மஸ்கட் ஹாம்பர்க் என்கிற பன்னீர் திராட்சை. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இந்த ரகத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பந்தல் போட்டு, கவாத்து செய்து, வருஷம் முழுக்க அறுவடை எடுக்கிறார்கள். போர்டோ ஒயின் மாதிரி அடர்நிறமும் துவர்ப்பும் இதில் வராது, வாசம்தான் இதன் பலம்.

கணக்கும் அவ்வளவு பெரிசு இல்லை. போர்டோ பீப்பாய் ஒன்று 225 லிட்டர், அதாவது 300 பாட்டில். ஒரு டன் திராட்சைக்குச் சுமார் 3 பீப்பாய் நிரப்பலாம். ஒயின் வருஷக்கணக்கில் தாங்கும். பழம் சில நாள்தான், வரத்து அதிகமானால் அன்றைக்கு வியாபாரி சொல்வதுதான் விலை.

அப்புறம் என்ன தடை? விற்பனைதான். தமிழ்நாட்டில் மதுவின் மொத்த விற்பனை 1983 முதலும், சில்லறை விற்பனை 2003 முதலும் டாஸ்மாக் கையில். நாசிக்கில் சுற்றுலாப் பயணி தோட்டத்திலேயே ருசித்து, வாங்கிப் போகலாம். கேரளம்கூட 2022-ல் பழ ஒயின் சிறு ஆலைகளுக்கு விதிகள் கொண்டுவந்தது. இங்கே கொடைக்கானல் டூரிஸ்ட்டுக்குக் காதோடு காதாக விற்கப்படுவது லேபிள் இல்லாத 'ஹோம்மேட் ஒயின்'. லைசென்ஸ் இல்லாமல் மது தயாரித்து விற்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

'இருக்கிற கடைகள் போதாதா, இன்னொரு மதுவா?' என்ற கேள்வி நியாயமானது. டாஸ்மாக் கடைகளை மூடச்சொல்லி பெண்கள் தெருவில் உட்கார்ந்த மாநிலம் இது. ஆனால் சில நூறு பாட்டில் போடும் விவசாயியையும் பெரிய சாராய ஆலையையும் ஒரே தட்டில் வைக்க வேண்டுமா என்பதை அரசுதான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போதைக்கு புவிசார் குறியீடு பழத்துக்குத்தான். அந்தப் பழம் கம்பத்தில் பெட்டியில் அடுக்கப்பட்டு, கேரளாவுக்கு லாரி ஏறிக்கொண்டிருக்கிறது.