‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று எழுதினால் போதுமா?

மலைப்பாதையில் பஸ் கவிழ்ந்தது, இறக்கத்தில் லாரி கடைக்குள் புகுந்தது என்று செய்தி வரும்போதெல்லாம் மூன்றாவது வரியிலோ நான்காவது வரியிலோ தவறாமல் ஒரு வாக்கியம் இருக்கும்: “திடீரென பிரேக் பிடிக்காததால் கட்டுப்பாட்டை இழந்த வண்டி…” அதைப் படித்ததும் நாமும் “ஐயோ பாவம், நேரம் சரியில்லை” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம்.

எனக்கு அந்த வாக்கியத்தின் மேல் நெடுநாள் கோபம் உண்டு. தொழிற்பயிற்சி நிலையத்தில் டீசல் மெக்கானிக் பாடம் சொல்லிக்கொடுத்தே என் உத்தியோக காலம் முழுவதும் போனது. லாரி, பஸ்ஸில் இருக்கும் ஏர் பிரேக் திடீரென்று கைவிடுகிற சாதனம் அல்ல. கைவிடக் கூடாது என்பதற்காகவே யோசித்து யோசித்துச் செய்த சாதனம். அதையும் மீறிக் கைவிட்டது என்றால் அதற்கு முன் பல நாட்களாக, பல பேர் செய்யவேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். “பிரேக் பிடிக்கவில்லை” என்ற ஒரே சொல்லில் அத்தனை பேரும் தப்பித்துக்கொள்கிறார்கள். பழி இரும்பின் மேல் போய்விடுகிறது.

முதலில் இந்த பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய ஃபார்கோ, பெட்ஃபோர்டு லாரிகளை ஓட்டியவர்களுக்கு ஆயில் பிரேக் தெரியும். காலால் மிதிக்கும் பலமே எண்ணெய் வழியாகச் சக்கரத்துக்குப் போகும். 16 டன் லோடு வண்டியை நிறுத்த அந்தக் கால் பலம் பற்றாது. ஏர் பிரேக்கில் கால் வெறும் திருகைத் திறக்கிற வேலையைத்தான் செய்கிறது. பலம் காற்றினுடையது.

இன்ஜினோடு சேர்ந்து ஓடும் கம்ப்ரஸர் காற்றை அழுத்தி டேங்குகளில் நிரப்புகிறது. சுமார் 110, 120 பவுண்டு ஏறியதும் நிரப்புவது தானாக நின்றுவிடும். நம் ஸ்கூட்டர் டயருக்கு 30 பவுண்டு காற்று அடிக்கிறோம் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு புரியும். டிரைவர் பெடலை மிதித்ததும் அந்தக் காற்று சக்கரத்துக்குப் பக்கத்திலுள்ள சேம்பருக்குப் போய், உள்ளே இருக்கும் ரப்பர் டயாப்ரத்தைத் தள்ளுகிறது. டயாப்ரத்தின் பரப்பு 24 சதுர அங்குலம், காற்றழுத்தம் 100 பவுண்டு என்றால் மொத்தம் 2,400 பவுண்டு. அதாவது ஆயிரம் கிலோவுக்கு மேல். ஒரே ஒரு சக்கரத்துக்கு இவ்வளவு! அந்தத் தள்ளல் ஒரு கம்பி வழியாக ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற நெம்புகோலைத் திருப்ப, அது கேமைத் திருப்ப, கேம் பிரேக் ஷூவை விரிக்க, ஷூவில் ஒட்டிய லைனிங் டிரம்மோடு உரசுகிறது. வண்டி நிற்கிறது. பெடலை விட்டதும் “புஸ்” என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அது சேம்பருக்குள் இருந்த காற்று வெளியேறும் சத்தம்.

“காற்று லீக்காகிவிட்டால் என்ன கதி?” என்று முதல் வகுப்பிலேயே பையன்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்கு விடை ரயிலிலிருந்து வந்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-ல் ரயிலுக்கு ஏர் பிரேக் காப்புரிமை வாங்கினார். அந்த முதல் ஏற்பாட்டில் குழாய் அறுந்தால் பிரேக் போய்விடும். சில ஆண்டுகளில் அவரே அதைத் தலைகீழாக மாற்றினார். குழாயில் காற்று இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும். காற்று போனால் பிரேக் தானாகப் பிடிக்கும். பெட்டி கழன்றாலும் ரயில் நின்றுவிடும். நம்மூர் மீட்டர் கேஜ் வண்டிகளில் இருந்தது வாக்குவம் பிரேக். முறை வேறு, கொள்கை ஒன்றுதான். அபாயச் சங்கிலியை இழுத்தால் வண்டி நிற்பதும் இந்தக் கொள்கையால்தான்.

இன்றைய பஸ், லாரியின் பின் சக்கரங்களிலும் இதே யோசனை உண்டு. சேம்பருக்குப் பின்னால் ஒரு முரட்டு ஸ்பிரிங் இருக்கிறது. காற்று அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். காற்று இறங்கினால் ஸ்பிரிங் விரிந்து பிரேக்கைப் போட்டுவிடும். இதற்கும் முன்னே சுமார் 60 பவுண்டுக்குக் கீழே இறங்கும்போதே டிரைவர் காதில் பஸ்ஸர் அலறும். முன் சக்கரத்துக்கு ஒரு டேங்க், பின் சக்கரத்துக்கு ஒரு டேங்க் என்று தனித்தனிப் பாதையும் உண்டு. ஒன்று போனாலும் மற்றது வேலை செய்யும். ரோட்டு நடுவில் பஸ் நகர முடியாமல் நிற்க, “பிரேக் ஜாம்” என்று பயணிகளை இறக்கி விடுகிறார்களே, பல நேரம் அது காற்று போனதால்தான். நமக்குத் தொந்தரவு, ஆனால் பிரேக் தன் கடமையைச் செய்திருக்கிறது.

அப்படியானால் மலையில் ஏன் பிரேக் பிடிக்காமல் போகிறது? பெரும்பாலும் காரணம் காற்று அல்ல, சூடு.

கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். அடிவாரத்து வத்தலக்குண்டுப் பக்கம் 300 மீட்டர் சொச்சம். 16 டன் லாரி ஒன்று இந்த 1,800 மீட்டர் இறங்கும்போது வெளியாகும் சக்தியைக் கணக்கிட்டால் சுமார் 78 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இரண்டு மாதத்துக்கு வீட்டுக்கு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் முக்கால் பங்குக்கு மேல். இன்னொரு விதமாகச் சொன்னால், 950 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு. அது எங்காவது போயாக வேண்டும். கியரில் இறங்கினால் பெரும் பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் இன்னும் நல்லது. நியூட்ரலில் விட்டு பெடலை மட்டும் நம்பினால் அத்தனையும் டிரம்மில்தான் ஏறும்.

டிரம் சூடேறினால் விரிந்து லைனிங்கை விட்டு விலகும். அதைத் தொடக் கம்பி இன்னும் தூரம் போகவேண்டும். சாதாரண சேம்பரில் அந்தக் கம்பி ஓடக்கூடிய மொத்த தூரமே இரண்டேகால் அங்குலம்தான். ஏற்கெனவே சரியாக அட்ஜஸ்ட் செய்யாமல் ஒன்றே முக்கால் அங்குலம் ஓடிக்கொண்டிருந்த வண்டியில் மிச்சம் எவ்வளவு? அரை அங்குலம். அதையும் சூடு தின்றுவிட்டால் கம்பி முட்டி நின்றுவிடும். லைனிங்கும் கருகி வழுக்கும். கேஜில் நூறு பவுண்டு காட்டும், பெடல் கீழே போகும், வண்டி நிற்காது.

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. காற்று போனால் காப்பாற்றும் என்று சொன்னேனே, அந்த ஸ்பிரிங்கும் இதே கம்பி, இதே ஷூ, இதே டிரம் வழியாகத்தான் பிடிக்கவேண்டும். டிரம் பழுத்துப்போன பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுத்தும் பயனில்லை. காற்றுக்கு மாற்று உண்டு; டிரம்முக்கு மாற்று இல்லை. அதனால்தான் அந்தக்கால டிரைவர்கள் “எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு” என்று கிளீனர் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சாஸ்திரம் படிக்காமலே அவர்கள் சொன்னது சரியான சாஸ்திரம்.

சாமான் தரமில்லை என்று சாக்குச் சொல்லவும் நமக்கு வழியில்லை. மதுரை டி.வி.எஸ். குடும்பத்தார் 1962-ல் இங்கிலாந்தின் கிளேட்டன் டிவாண்டர் கம்பெனியோடு சேர்ந்து சுந்தரம் கிளேட்டனைத் தொடங்கி, சென்னை பாடியில் ஏர் பிரேக் செய்ய ஆரம்பித்தார்கள். 1998-ல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் விருதும் அந்த கம்பெனிக்குக் கிடைத்தது. நம் மாநிலத்திலேயே உலகத் தரத்தில் பிரேக் செய்கிறோம். கோளாறு, வண்டி ஷோரூமை விட்டு வந்த பிறகு நாம் பராமரிக்கிற விதத்தில்தான்.

அழுத்திய காற்றில் ஈரம் தண்ணீராகச் சேரும். டேங்கின் அடியில் உள்ள வடிகாலைத் திறந்து விடுவது அரை நிமிட வேலை. செய்யாவிட்டால் வால்வுகள் துருப்பிடிக்கும். காற்று போய் ஸ்பிரிங் பிடித்துக்கொண்ட வண்டியை நகர்த்த, சேம்பரின் பின்னால் ஒரு போல்ட்டை முறுக்கி ஸ்பிரிங்கைக் கட்டிப்போடலாம். பட்டறை வரை கொண்டுபோக மட்டும் உள்ள வழி அது. அப்படியே கட்டிப்போட்டபடி மாதக்கணக்கில் லோடு அடிக்கும் வண்டிகளை நான் ரோட்டோரப் பட்டறைகளில் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆபத்துக்கு இருக்கும் ஒரே காவலாளியின் கையைக் கட்டிவிட்டு ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி ஏற்றிக் கேரளத்துக்கு மலையிறங்குவதா? எஃப்.சி. என்பது வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை. மிச்சமுள்ள நாட்களில் பார்க்கவேண்டியது யார்?

“எல்லாம் டிரைவர் தப்பு” என்று முடிப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நியூட்ரலில் விடுபவர் தப்புச் செய்கிறார், சந்தேகமில்லை. ஆனால் டீசல் மிச்சம் பிடி என்று நெருக்குவது யார்? மலைப்பாதையில் சமவெளி வேகத்துக்கு டைம் போடுவது யார்? லைனிங் தேய்ந்துவிட்டது என்று டிரைவர் எழுதிக் கொடுத்தால் “இந்த ஒரு டிரிப் போய்வா” என்று சொல்வது யார்? அந்த ஒரு டிரிப்பில் வண்டியில் இருப்பது டிரைவர் மட்டுமல்ல.

விபத்து நடந்த வண்டியைப் பரிசோதிக்க 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 136-வது பிரிவு இடம் தருகிறது. மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்த்து அறிக்கை கொடுக்கிறார். நம் ஊரில் அவருக்குப் பெயரே ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’தான். அந்த அறிக்கை போலீசுக்கும் கோர்ட்டுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் போகிறது. உறவைப் பறிகொடுத்த குடும்பமும், அதே ரோட்டில் நாளைக்குப் போகப்போகிற நாமும் அதைப் பார்ப்பதில்லை. உயிர்ப்பலி நடந்த ஒவ்வொரு விபத்திலும் கம்பி எத்தனை அங்குலம் ஓடியது, லைனிங் எவ்வளவு மிச்சம், ஸ்பிரிங் கட்டப்பட்டிருந்ததா, எந்த கியரில் இருந்தது என்ற நான்கு விவரத்தையாவது வெளியிடவேண்டும் என்பது என் கருத்து. பத்திரிகைக்காரர்களும் “பிரேக் பிடிக்கவில்லை” என்று எழுதியதோடு நிற்காமல் “ஏன்?” என்று ஒரு வாரம் கழித்தாவது கேட்டு எழுதட்டும். நான்கு முறை உண்மை அச்சில் வந்தால் ஐந்தாவது முதலாளி லைனிங் மாற்றுவார்.

நம் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. விடிகாலை முதல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், டிரைவர் இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டு சும்மா நிற்பதுபோல் தோன்றும். “எடுப்பா வண்டியை, நேரமாச்சு” என்று முதலில் குரல் கொடுப்பது பெரும்பாலும் நம் வயசுக்காரர்கள்தான். அவர் காற்று ஏறக் காத்திருக்கிறார். கொடைக்கானலிலிருந்து வரும்போதும், சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதும் வண்டி இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஊர்ந்தால் சலித்துக்கொள்ள வேண்டாம். கருகின வாசனை வந்தால் மட்டும் கூச்சப்படாமல் எழுந்துபோய், “தம்பி, ஓரமா நிறுத்தி அரைமணி ஆறவிட்டுப் போகலாம்” என்று சொல்லுங்கள். வீட்டுக்குத் தாமதமாகப் போவதில் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை.