சமையற்கட்டு: மட்டி அவிக்கும் முறை

கடலோரத்திலும் கழிமுகங்களை அடுத்தும் வாழும் குடும்பங்களுக்கு மட்டி புதியதன்று. உள்நாட்டாரோ அதன் ஓட்டை மட்டுமே, அதுவும் கிளிஞ்சல் சுண்ணாம்பாக, அறிந்திருப்பர். (நாகர்கோவில் பக்கத்து வாசகியர் மட்டி என்றதும் தம் ஊர் வாழைப்பழத்தை எண்ணிவிட வேண்டாம். நாம் கூற வந்தது சேற்றிலும் மணலிலும் புதைந்து வாழும் இரட்டையோட்டுச் சிப்பியைப் பற்றி.) இறைச்சியைக் கழற்றி, தேங்காயும் மிளகும் சேர்த்துப் பிரட்டுவதே நம் வீடுகளில் பெருவழக்கு. ஓட்டோடு ஆவியில் அவித்துச் சுடச்சுடப் பரிமாறுவது அதனினும் எளிது, சுவையும் மிகுதி. ஆயினும் இதில் அடுப்பு வேலையைவிட அடுப்புக்கு முந்திய வேலையே பெரிது.

மட்டி வாங்கும்போது முதலில் நோக்க வேண்டியது அதன் உயிரை. மீனைப் போலச் செவுளைப் பார்த்து வாங்கும் பொருளன்று இது. பாத்திரத்தில் விழும் வரை உயிரோடிருக்க வேண்டும். உயிருள்ள மட்டி இறுக மூடியிருக்கும். சற்றே திறந்திருப்பினும், விரலால் தட்டினால் மூடிக்கொள்ளும். உள்ளிருக்கும் தசை இரு ஓடுகளையும் இழுத்துப் பிடித்திருப்பதே இதற்குக் காரணம். உயிர் போனால் பிடி தளர்ந்து, கீல் போன்ற நார் ஓடுகளை விரித்துவிடும். ஆகவே தட்டியும் மூடாதது, ஓடு உடைந்தது, நாற்றம் வீசுவது ஆகியவற்றை விலை கொடுத்தோமே என்று தயங்காமல் எறிந்துவிடுக. அளவுக்கு மிஞ்சிக் கனக்கும் மட்டியையும் ஐயுறுக. உள்ளே இறைச்சியின்றிச் சேறு மட்டும் அடைந்திருக்கலாம். அத்தகைய ஒன்று கொதியில் வாய் திறந்தால் அன்றைய சாறு முழுவதும் வீண்.

அடுத்து, எங்கே எடுத்தது என்று விற்பவரைக் கேட்க வேண்டும். இக்கேள்வியைக் கேட்க நம்மிற் பலர் கூசுகின்றனர்; கூசவே கூடாது. மட்டி தான் வாழும் நீரை இடைவிடாது உறிஞ்சி, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டி உண்டு, நீரை வெளியே விடுகிறது. அந்நீரில் உள்ளது எதுவோ அதுவே மட்டிக்குள்ளும் சேரும். ஆலைக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் கலக்கும் இடத்து மட்டி எவ்வளவு கொழுத்திருந்தாலும் வேண்டாம்.

இதனினும் கொடியது வேறொன்று உண்டு. கடலில் சிற்சில காலங்களில் ஒருவகை நச்சு நுண்பாசி பெருகும். மட்டிக்கு அதனால் தீங்கு தோன்றாது. அதனை உண்ட மனிதருக்கே தீங்கு. 1981-ஆம் ஆண்டு தமிழகக் கடலோரத்தில் இத்தகைய மட்டியை உண்டு 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், மூவர் இறந்தனர். 1997-இல் கேரளத்து விழிஞ்ஞத்தில் பாறைச் சிப்பியை உண்டு எழுவர் மாண்டனர். அவர்கள் சமையலில் குறை வைத்தவர்கள் அல்லர். அந்நஞ்சு கொதியில் அழிவதில்லை, கழுவினாலும் போவதில்லை, நிறமோ மணமோ சுவையோ காட்டிக் கொடுப்பதில்லை. வேகவைத்தால் ஒரு பகுதி சாற்றில் இறங்கும், அவ்வளவே. ஆதலால் நீர் நிறம் மாறியிருக்கிறது, மீன்கள் செத்து ஒதுங்குகின்றன, அரசினர் எச்சரித்துள்ளனர் என்று கேள்விப்பட்டால், அந்நாட்களில் அப்பக்கத்து மட்டியை வீட்டுக்குள் விடாதிருப்பதே வழி. உண்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ உதடும் நாவும் விரல் நுனிகளும் மரத்தால், கை வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு விரைக. இதற்கு மாற்று மருந்து இல்லை. மூச்சுத் தடைப்படாமல் காத்தால் பிழைத்துக்கொள்வர்.

நல்ல இடத்து மட்டி கிடைத்துவிட்டதெனக் கொள்வோம். வீட்டுக்கு வந்ததும் இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பையிலோ குழாய் நீரிலோ போட்டு வைக்கக் கூடாது, இரண்டிலும் செத்துவிடும். ஈரத்துணியால் மூடிக் குளிர்ந்த இடத்தில் வைக்கலாம். மணல் நீங்க, லிட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் உப்புக் கரைத்த நீரில் இரண்டு மூன்று மணி நேரம் இடுக. அகன்ற தட்டு வேண்டும். அடியில் இட்லித் தட்டு ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் மட்டியைப் பரப்புக. கக்கிய மணல் கீழே தங்கும். எடுக்கும்போது கையால் அள்ளி எடுக்க வேண்டும். நீரோடு சேர்த்துக் கவிழ்த்தால் மணல் மறுபடியும் மேலே வந்துவிடும். பிறகு ஓட்டைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுக.

எடையில் பெரும்பகுதி ஓடே என்பதால் நால்வருக்கு இரண்டு கிலோ மிகுதியன்று. மூடி பொருந்தும் அகன்ற பாத்திரத்தில் ஒரு டம்ளர் நீர், தட்டிய இஞ்சி, பூண்டு நான்கைந்து பல், கீறிய பச்சை மிளகாய் இரண்டு, சிட்டிகை மஞ்சள், கறிவேப்பிலை இட்டுக் கொதிக்க விடுக. உப்பு வேண்டாம், மட்டி தன் உப்பைத் தானே கொண்டு வருகிறது. நீர் நன்கு கொதித்தபின் மட்டியை இட்டு, மூடி, தீயை மிகுத்து வைக்க வேண்டும். இரண்டு அடுக்குக்கு மேல் குவித்தால் அடியிலுள்ளவை திறந்தும் மேலுள்ளவை வேகாமலும் நிற்கும். இரண்டு முறையாக அவிப்பதே நன்று. பிரஷர் குக்கர் இதற்கு ஆகாது, இறைச்சி ரப்பராகிவிடும்.

வாய் திறந்தவுடன் இறக்கிவிட வேண்டும் என்று சிலர் சொல்வர். நாம் அதற்கு உடன்படோம். திறந்தபின்னும் நான்கு நிமிடமாவது ஆவியில் இருக்கட்டும். 1988-இல் சீனத்து ஷாங்காய் நகரில் அரைவேக்காட்டுச் சிப்பியை உண்டு ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் மஞ்சள் காமாலைக்கு ஆளாயினர். பாசி நஞ்சு நெருப்புக்கு அடங்காது. இக்காமாலைக் கிருமி அடங்கும். அடங்கக்கூடியதை அடக்காமல் விடுவானேன்? சற்று அழுத்தமாக வெந்தாலும் பரவாயில்லை. ஈரல் நோயுள்ளவர்களுக்கும் கருவுற்றிருப்போர்க்கும் அரைவேக்காடு அறவே கூடாது. இறுதிவரை வாய் திறவாததை நெம்பித் திறக்காமல் ஒதுக்கிவிடுக.

பரிமாறுவதில் அலங்காரம் ஒன்றும் தேவையில்லை. சாற்றை மெல்லிய துணியில் வடிகட்டி, அடியில் தங்கும் கடைசிக் கரண்டியை விட்டுவிட்டு, மிளகுத்தூளும் எலுமிச்சையும் சேர்த்து டம்ளர்களில் முதலில் கொடுக்கலாம். பின் மட்டியை ஒரே பெரிய தட்டில் நடுவே வைத்து, அருகில் ஓடு போட வெறுங்கிண்ணம் ஒன்று வையுங்கள். கரண்டி வேண்டா, இறைச்சி நீங்கிய இரட்டை ஓட்டையே இடுக்கி போலப் பிடித்து அடுத்ததை எடுக்கப் பிள்ளைகள் விரைவில் கற்றுக்கொள்வர். அவித்த மரவள்ளிக்கிழங்கு இதற்கு நல்ல துணை. இறால் ஒவ்வாதவர்களுக்கு மட்டியும் ஒவ்வாமற் போகலாம், முன்பே கேட்டுக்கொள்க. சுத்தபோசன நாளுக்கு மட்டி ஆகுமா என்று கேட்போரும் உண்டு. மீன் ஆகும்போது மட்டியும் ஆகும். அன்று இரண்டு கிலோ வேண்டுமா என்பது வேறு கேள்வி.

மீந்ததை ஓட்டிலிருந்து கழற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் பகலுக்குள் வெங்காயமும் தேங்காயும் சேர்த்து வதக்கிவிட வேண்டும். ஓடுகளைக் கழுவி வெயிலில் காயவைத்து, பொடியாக இடித்து முட்டையிடும் கோழிகளுக்குத் தீவனத்தோடு வைக்கலாம். முட்டை ஓடு உறுதிப்படும்.