ஒரே கதவு எண், 23 நிறுவனங்கள்

எங்கள் மாடிப்படிச் சுவரில் 23 பெயர்ப்பலகைகள் இருக்கின்றன. பலகை என்றால் லேமினேட் செய்த ஏ4 தாள்கள். நிறுவனத்தின் பெயர், கீழே 15 இலக்க ஜிஎஸ்டி எண். இந்த எண்ணை நுழைவாயிலில் எழுதி வைக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி 18. என்னிடம் இருக்கும் எல்லோருக்கும் நுழைவாயில் ஒன்றுதான். சாரல் அடித்தால் தாள்களின் ஓரம் பிரிந்துவிடும். நான்தான் டேப் ஒட்டுவேன்.

48 இருக்கைகள் கொண்ட கோ-ஒர்க்கிங் இடம் நடத்துகிறேன். இங்கே வரி கட்ட மாட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. கட்ட வருகிறவரின் முகவரியை அதிகாரிகள் நம்ப மறுக்கிறார்கள் என்பதுதான் என் மனக்குறை.

தொழில் வரியை எடுத்துக்கொள்வோம். கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் அதை மாநில அரசே வாங்குகிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சிகள் வாங்குகின்றன, அரையாண்டுக்கு ஒரு முறை. அரசியல் சாசனத்தின் 276-வது பிரிவின்படி ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்க முடியாது. சின்னத் தொகைதான். ஆனால், பில் கலெக்டர் வந்தார், நாற்காலிகளை எண்ணினார்.

“48 பேருக்கும் நீங்கதானே மேடம் கட்டணும்?”

“இவங்க என் ஸ்டாஃப் இல்ல சார். என்கிட்ட சம்பளம் வாங்கறது மூணு பேர்தான்.”

“அப்போ மத்தவங்க அசெஸ்மென்ட் நம்பரைக் காட்டுங்க.”

அவர் கேட்டதில் தவறில்லை. பலரிடம் அந்த எண் இல்லை. விண்ணப்பிக்கப் போனால் சொத்து வரி ரசீது கேட்கிறார்கள். ரசீது கட்டட உரிமையாளர் பெயரில். அவரிடம் ஒப்பந்தம் போட்டது நான். என்னிடம் ஒரு மேசையை எடுத்தவர் விண்ணப்பதாரர். இந்த மூன்று படிகளைக் கவுன்ட்டரில் விளக்குவதற்குள் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். கடைசியில் 48 பேருக்கும் சேர்த்து என் பெயரில் நோட்டீஸ் வந்தது. அதைத் திரும்பப் பெற வைக்க மூன்று முறை அலைந்தேன்.

ஜிஎஸ்டி பதிவில் இழப்பு இன்னும் பெரிது. 17-ஆம் மேசையில் மென்பொருள் சோதனை செய்யும் பெண் ஒருவர் இருந்தார். ஜிஎஸ்டி எண் இருந்தால்தான் வேலை தருவோம் என்றது அவருக்குக் கிடைத்த பெரிய வாடிக்கையாளர் நிறுவனம். ஆய்வுக்கு அதிகாரி வந்த நேரம், அந்தப் பெண் தன் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போயிருந்தார். மேசையில் மடிக்கணினி, தண்ணீர் பாட்டில், குழந்தை வரைந்த யானைப் படம். அதிகாரி போட்டோ எடுத்துக்கொண்டு போனார். ‘இந்த முகவரியில் தொழில் நடக்கவில்லை’ என்று விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இத்தனைக்கும், நேரடி ஆய்வின்போது விண்ணப்பதாரர் உடனிருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2023 ஆகஸ்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. மறுபடி விண்ணப்பித்து எண் வாங்குவதற்குள் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

அதிகாரிகளின் பயம் புரியாமல் இல்லை. வெறும் முகவரியை வைத்துப் போலி நிறுவனம் தொடங்கி, பில் மட்டும் போட்டு உள்ளீட்டு வரிச் சலுகையைச் சுருட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2023 மே முதல் ஜூலை வரை நாடு முழுக்க இதற்கென்றே சிறப்புச் சோதனை நடந்தது. அவர்களைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால், தினமும் யார் வருகிறார், எந்த மேசையில் உட்காருகிறார், எப்போது காலி செய்தார் என்ற பதிவேடு என்னிடம் இருக்கிறது. இதுவரை எந்த அதிகாரியும் அதைக் கேட்டதில்லை.

ஒரே கோ-ஒர்க்கிங் இடத்தில் இயங்கும் பல நிறுவனங்களுக்குத் தனித்தனிப் பதிவு தரலாம் என்று கேரளத்தின் ஜிஎஸ்டி முன்தீர்ப்பு ஆணையம் சொல்லியிருக்கிறது. ஆனால், முன்தீர்ப்பு கேட்டவரை மட்டுமே காக்கும். என் மாடிக்கு அது உதவாது. வாடகை இடம் என்றால் ஒப்பந்தத்தோடு உரிமையாளர் தரப்பு ஆவணம் ஏதாவது ஒன்று போதும், பட்டியலில் இல்லாததைக் கேட்டு இழுத்தடிக்கக் கூடாது என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2025 ஏப்ரலில் தன் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது. நல்ல உத்தரவு. ஆனால், மேசை எண்ணை முகவரியாக ஏற்கலாமா என்பதை மாநில வணிகவரித் துறையும் மாநகராட்சிகளும் சேர்ந்துதான் தெளிவுபடுத்த வேண்டும்.

நான் கேட்பது சலுகை அல்ல, ஒரு படிவம். என்னைப் போன்றவர்கள் அரையாண்டுக்கு ஒரு முறை, மேசை எண்ணோடு, இருப்பவர்களின் பட்டியலைக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறோம். பொய்யான பெயர் இருந்தால் எங்கள் மீது நடவடிக்கை எடுங்கள். அந்தப் பட்டியலில் இருப்பவரிடம் சொத்து வரி ரசீது கேட்காமல் தொழில் வரியை வாங்கிக்கொள்ளுங்கள். முதல் அரையாண்டு செப்டம்பர் 30-இல் முடிகிறது. அதற்குள் இதைச் செய்துவிடலாம்.