சிரட்டைக் கரியும் லுனாவ களப்பும்



இரத்மலானை, மொறட்டுவைத் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பல ஆண்டுகளாக வந்து சேர்ந்ததில் லுனாவ களப்பு கறுத்துப் போனது. அங்கு மீன்பிடித்தவர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டார்கள்.

இதே இலங்கையில்தான், தேங்காய் ஆலைகள் கழிக்கும் சிரட்டை, நீரைச் சுத்தமாக்கும் சரக்காகக் கப்பலேறுகிறது. 1973இல் தொடங்கிய ஹேகார்ப் போன்ற நிறுவனங்கள் சிரட்டைக் கரியை ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் நீராவியால் பதப்படுத்துகின்றன. அப்போது கரிக்குள் எண்ணற்ற நுண்துளைகள் திறக்கின்றன. ஒரு கிராமுக்குள்ளேயே சுமார் 1,000 சதுர மீற்றர் பரப்பு! சாயமும் நாற்றமும் அதில் ஒட்டிக்கொள்ளும். (பார உலோகங்களுக்கு இது மட்டும் போதாது என்பது வேறு கதை.)

அயல்நாட்டுத் தண்ணீரைத் தெளியவைக்கும் கரி, பக்கத்து வாய்க்காலுக்கு எட்டாமல் இருப்பது விந்தை. இரத்மலானையின் சிறு சாயப் பட்டறைகளுக்கு இதைச் சலுகை விலையில் வழங்க அதிகாரிகள் முன்வர வேண்டும்.

வாசகர் ஒருவர்,
இரத்மலானை